மணிக்குள் பூட்டிய உலோகம்

ராமேசுவரம் கோயிலின் கிழக்கு வாசலிலிருந்து அக்னி தீர்த்தம் போகும் வழியில் சங்கும் சிப்பி மாலையும் பாசிமணியும் விற்கிறார்கள். யாத்திரை வந்த குடும்பம் கைக்குழந்தைக்கு ஒரு கறுப்புப் பாசி, மூத்தவளுக்கு ஒரு பச்சைப் பாசி என்று வாங்கிக்கொண்டு ரயிலேறும். அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் யாரும் கேட்பதில்லை. கண்ணாடிக்குப் பச்சை தருவது பெரும்பாலும் செம்பு, இரும்பு, குரோமியம் ஆகிய உலோகங்களில் ஒன்று. நீலத்துக்குக் கோபால்ட்டோ செம்போ காரணம். பழைய மஞ்சள் மணிகளுக்கு நிறம் கொடுத்தது ஈயமும் வெள்ளீயமும். தனியாக எடுத்தால் இவற்றில் பல, குடிதண்ணீரில் கலக்கவே கூடாத பொருட்கள். ஆனால் நன்றாக உருக்கி வார்த்த கண்ணாடிக்குள் சேர்ந்துவிட்டால் அவை வியர்வைக்கும் உப்புத் தண்ணீருக்கும் எளிதில் அசைவதில்லை.

ஒரு மணிக்குள் உலோகத்தைப் பூட்டிவைக்கும் இந்தச் சின்ன வித்தையைத்தான் இன்று உலகம் முழுதும் ஆபத்தான ஆலைக் கழிவுகளை அடக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆர்சனிக், ஈயம், காட்மியம் கலந்த சாம்பலையும் அணு உலைக் கழிவையும் மணலோடு சேர்த்து உருக்கி, ஆறவைத்துக் கண்ணாடிக் கட்டியாக்குகிறார்கள். கண்ணாடியாக்கம் என்று அதற்குப் பெயர். புதுத் தொழில்நுட்பம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் வழியில் நம்முடைய ராமநாதபுரம் கரையும் வருகிறது.

கதையின் தொடக்கம் உலைக்களத்தில். செம்போ இரும்போ உருக்கும்போது தாதுவில் உள்ள மண்ணும் மணலும் தனியே உருகிக் கசடாக வழியும். அது ஆறினால் கறுப்பாக, பளபளப்பாக, உடைத்தால் விரலைக் கீறும்படி இருக்கும். கொங்கு நாட்டுக் கொடுமணல் போன்ற பழைய உலைக்களங்களில் இந்தச் சிட்டக்கற்கள் கிடைத்திருக்கின்றன. கையில் எடுத்துப் பார்த்தால் அது பாதி கண்ணாடி என்று தெரியும். மனிதன் செய்த முதல் கண்ணாடியே இப்படி உலைக் கசட்டிலிருந்து தற்செயலாகப் பிறந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அது உறுதியான முடிவு இல்லை. ஆனாலும் உலோகம் வேண்டாமென்று தள்ளியதைக் கண்ணாடி உள்ளே வாங்கிக்கொள்ளும் என்ற உண்மை, யாரும் அதைச் சொல்வதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உலை வாயில் நடந்துகொண்டிருந்தது.

ரோமானிய எழுத்தாளர் பிளினி வேறொரு கதை சொல்கிறார். நாட்ரான் என்ற சோடா உப்புக் கட்டிகளை ஏற்றிவந்த வியாபாரிகள், இன்றைய இஸ்ரேல் கரையில் பேலஸ் ஆற்று முகத்தில் இறங்கிச் சமைத்தார்களாம். அடுப்புக்கு வைக்கக் கல் கிடைக்காததால் சோடாக் கட்டிகளையே வைத்தார்களாம். மணலும் சோடாவும் சேர்ந்து உருகிக் கண்ணாடி ஓடியதாம். திறந்தவெளி அடுப்பில் அவ்வளவு சூடு ஏறாது என்பதால் இதை அப்படியே நம்புவதற்கில்லை. ஆனால் அந்தக் கடற்கரை மணல் கண்ணாடிக்குப் பேர்போனது என்பது உண்மை. அதற்குக் காரணம் மணலில் கலந்திருந்த சிப்பித் தூள். மணலையும் சோடாவையும் மட்டும் உருக்கினால் கிடைக்கும் கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும். சிப்பியில் உள்ள சுண்ணாம்பு சேர்ந்தால்தான் அது தண்ணீரைத் தாங்கும். யாரும் திட்டமிட்டுச் சேர்க்கவில்லை. அந்தக் கரையின் நத்தையும் சிப்பியும் உடைந்து மணலோடு கலந்ததால் கிடைத்த வரம் அது. தனுஷ்கோடி மணலை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். அதிலும் சிப்பியும் பவளமும் உடைந்த துணுக்குகள் இருக்கும்.

தென்னிந்தியாவும் இலங்கையும் கண்ட வழி வேறு. இங்கே சோடா தந்தது மண். கோடையில் வயல்களிலும் குளக்கரைகளிலும் வெள்ளையாகப் பூக்குமே, வண்ணார்கள் துணி வெளுக்க அள்ளிப்போன அந்த உவர்மண். அதோடு சேர்ந்த மணல், கருங்கல் பாறை சிதைந்து வந்த மணல். அதில் அலுமினியத்தின் ஆக்சைடான அலுமினா மிகுதி. இலங்கையின் குருணாகல் மாவட்டத்தில் கிரிபாவ என்ற ஊரில் கிறிஸ்துவுக்கு முன்பே இந்த வகைக் கண்ணாடியைக் கட்டிக் கட்டியாக உருக்கியிருக்கிறார்கள். அலுமினா மிகுந்த கண்ணாடி உருகுவதற்கு அடம்பிடிக்கும். ஆனால் ஆறிய பிறகு தண்ணீருக்கு எளிதில் அசையாது. இதைச் செய்த கைவினைஞருக்கு அலுமினா என்ற சொல் தெரிந்திருக்க நியாயமில்லை. இரண்டாயிரம் ஆண்டு கழித்துப் பிரான்சில் அணுக்கழிவுக்குக் கண்ணாடி வகுத்த வேதியியலாளர்கள் அதே அலுமினாவை அதே காரணத்துக்காக அளந்து சேர்த்தார்கள். அந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்குக் கிரிபாவ நினைவுதான் வந்தது.

வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில், ராமநாதபுரத்துக்குக் கிழக்கே இருக்கிறது அழகன்குளம். அங்கே ஒரு மேடு. 1986-87இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. பிறகு பல பருவங்களாகப் பணி தொடர்ந்தது. ரோமானிய நாணயங்கள், தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஒரு பானை ஓடு, சங்கு வளையல் துண்டுகள், அவற்றோடு கண்ணாடி மணிகள். மணிகள் மிகச் சிறியவை. கடுகைவிடக் கொஞ்சம் பெரியதாகவும் மிளகளவிலும் இருக்கும் வகை. இந்த வகை மணிகளை ஒவ்வொன்றாக உருட்டிச் செய்யவில்லை. உருகிய கண்ணாடித் திரளில் காற்றுத்துளை விட்டு, அதை நீண்ட குழலாக இழுத்து, ஆறியதும் பொடிப்பொடியாக நறுக்கி, ஓரம் மழுங்க மறுபடி சூடாக்கினார்கள். ஆந்திரத்தில் காளத்திக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம்வரை உயிரோடு இருந்தது.

அரிக்கமேடு இந்த மணிகளின் பெரிய பட்டறை. ராமேசுவரத்துக்கு எதிர்க்கரையில், திருக்கேதீச்சரம் இருக்கும் மாந்தையிலும் பட்டறை இருந்தது என்று மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். இந்தோ பசிபிக் மணி என்ற பெயரைப் பரப்பியவர் அவர். பெயருக்கு ஏற்பப் பயணமும் பெரிது. கிழக்கே கொரியாவில், 6ஆம் நூற்றாண்டு மன்னர் முர்யோங்கின் கல்லறையில் இந்த வகை மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மேற்கே ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் அதன் உட்பகுதியிலும் கிடைக்கின்றன. செம்பு கலந்த செம்மணி, ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த மஞ்சள் மணி, செம்பே வேறு நெருப்பில் தந்த பச்சை நீலம். ஒரே செம்பு, காற்றுக் குறைந்த உலையில் செந்நிறமும் காற்றோட்டமுள்ள உலையில் பச்சை நீலமும் தரும். துருத்தியை எப்போது அமுக்குவது, எப்போது விடுவது என்பதில்தான் அந்தப் பட்டறையின் இரகசியமே இருந்தது.

நல்ல சரக்கு என்றால் போலியும் வரும். வெனிஸ் நகரத்தார் மணி செய்வதில் இறங்கி, போர்ச்சுக்கீசியர் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையைச் சுற்றத் தொடங்கிய பிறகு, காலப்போக்கில் ஆப்பிரிக்கச் சந்தையில் இந்திய மணிகளின் இடத்தை ஐரோப்பிய மணிகள் பிடித்துக்கொண்டன. அதே வெனிஸ் இன்னொரு பொருளையும் கிழக்கிலிருந்து வாங்கியது. திபெத் ஏரிக்கரைகளில் கிடைத்த வெண்காரம். நம் தட்டார் பட்டறையில் இன்றும் இருக்கிறதே, அதே வெண்காரம்தான். வடமொழியில் டங்கணம் என்பார்கள். மலை தாண்டி, கடல் தாண்டிப் போய் வெனிஸில் அது சுத்திகரிக்கப்பட்டது. சுத்திகரிக்கும் முறையை வெனிஸ்காரர்கள் நெடுங்காலம் வெளியே விடவில்லை.

வெண்காரத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால் இந்தக் கதையின் சாவியே அதுதான். தட்டார் பொன் பற்றவைக்கும்போது இணைப்பில் வெண்காரம் தடவுகிறார். ஊதுகுழல் தீ பட்டதும் அது பொங்கி, பிறகு உருகித் தெளிந்த கண்ணாடியாகப் படரும். அந்தக் கண்ணாடி, உலோகத்தின் மேலிருக்கும் ஆக்சைடு அழுக்கைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். அதனால் பற்று பிடிக்கும். உலோக அழுக்கைக் கண்ணாடியில் கரைத்து அகற்றுவது, அளவில் மிகச் சிறியதாக, ஒவ்வொரு தட்டார் பட்டறையிலும் தினமும் நடக்கும் காரியம்.

பள்ளி ஆய்வகத்தில் வெண்காரமணிச் சோதனை செய்தவர்களுக்கு இது கண்ணால் கண்ட விஷயம். பிளாட்டினக் கம்பியின் முனையைச் சிறு வளையமாக வளைத்துச் சூடாக்கி வெண்காரத் தூளில் தொடுவோம். தீயில் காட்டினால் அது அரிசிப் பொரி மாதிரி உப்பும். விடாமல் காட்டினால் ஒடுங்கி, கண்ணீர்த் துளி போல ஒரு தெளிந்த மணி வளையத்தில் தொங்கும். அந்த மணியை ஒரு துகள் கோபால்ட் உப்பில் தொட்டு மறுபடி சூடாக்கினால் ஆழ்ந்த நீலம். குரோமியம் என்றால் மரகதப் பச்சை. ஒரு துகள் உப்பு, ஒரு மணி முழுக்க நிறமாகப் பரவிவிடும். உப்பு எங்கே போனது என்று தேடினால் தனித் துகளாக எங்கும் கிடைக்காது. அது கண்ணாடியின் வலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

வலை என்று சொன்னது அலங்காரத்துக்காக இல்லை. சிலிக்கானும் ஆக்சிஜனும் கைகோத்து ஒழுங்கில்லாத வலையாகப் பின்னியிருப்பதுதான் கண்ணாடி. படிகத்தில் எல்லாக் கண்ணிகளும் ஒரே அளவு, அதில் பொருந்தும் அணு மட்டுமே உட்கார முடியும். கண்ணாடியில் கண்ணி பெரிதும் சிறிதுமாக இருக்கும். அதனால் பல அளவு உலோக அணுக்களுக்கும் இடம் கிடைக்கும். ஆலைக் கழிவில் பத்து இருபது உலோகங்கள் கலந்து கிடக்கும்போது, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பிடிக்க இந்த ஒழுங்கற்ற வலைதான் உதவுகிறது.

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். 1674இல் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற வியாபாரி தெளிந்த கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் செய்த கிண்ணங்கள் கொஞ்ச நாளில் வலைவலையாக வெடித்து மங்கின. சேர்மானத்தில் சுண்ணாம்பு போதவில்லை. பேலஸ் கரைச் சிப்பிகள் செய்த உபகாரம் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் ஈய ஆக்சைடைச் சேர்த்துச் சரிசெய்தார். பளிச்சென்ற ஈயப் படிகக் கண்ணாடி பிறந்தது. ஆனால் அதில் நாட்கணக்கில் மது ஊற்றிவைத்தால் ஈயம் மெல்லக் கசிகிறது என்று பின்னாளில் அளந்து காட்டினார்கள். கண்ணாடியாக்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கிண்ணத்தைத்தான் காட்டுவேன். எந்தச் சேர்மானம், எவ்வளவு ஈயம், எந்தத் திரவம் என்று கேட்ட பிறகே நம்ப வேண்டும்.

1789இல் மார்ட்டின் கிளாப்ரோத் யுரேனியத்தைக் கண்டுபிடித்தார். 1797இல் லூயி வோக்லான் குரோமியத்தைக் கண்டுபிடித்தார். மரகதத்தின் பச்சைக்கு அதுவே காரணம் என்றும் காட்டினார். இருவர் கண்டதும் சீக்கிரமே கண்ணாடிக்காரர் கைக்குப் போனது. 1830களில் பொஹீமியாவில் ஜோசப் ரீடல் யுரேனியம் சேர்த்து மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும் கிண்ணங்கள் செய்து விற்றார். அப்போது கதிரியக்கம் என்றொன்று இருப்பதே எவருக்கும் தெரியாது. யுரேனியத்தைக் கண்ணாடிக்குள் அடைத்த முதல் மனிதர்கள் அழகுக்காகவே அதைச் செய்தார்கள்.

கண்ணாடி நொறுங்காமல் சூட்டைத் தாங்க வேண்டும் என்ற தேவையும் பிறகு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட், வெண்காரத்தில் உள்ள போரானைச் சேர்த்து வெப்பத்துக்கு அசையாத கண்ணாடி செய்தார். அமெரிக்காவில் கார்னிங் ஆலையும் அதே வழியில் போனது. சூடான ரயில் விளக்கின் மேல் மழை பட்டால் உடையாத கண்ணாடி, பிறகு ஈய மின்கலத்துக்கான ஜாடி. 1913இல் அந்த ஆலையின் விஞ்ஞானி ஜெஸ்ஸி லிட்டில்டன் ஒரு மின்கல ஜாடியின் அடிப்பாகத்தை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டார். கேக் சீராக வெந்தது, பாத்திரம் உடையவில்லை. 1915இல் பைரக்ஸ் விற்பனைக்கு வந்தது. 1962இல் தொடங்கிய நம் நாட்டு போரோசில் அந்த மரபில் வந்ததுதான். தேநீர் குடிக்கும் போரோசில் டம்ளருக்கும் அணுக்கழிவை அடைக்கும் கண்ணாடிக்கும் மூலச் சேர்மானம் ஒரே குடும்பம்.

அணு யுகம் வந்தபோது கழிவு திரவமாகத் தொட்டிகளில் தேங்கியது. அமிலத் தொட்டி எத்தனை நாள் தாங்கும் என்ற பயத்தில் ஆளாளுக்கு ஒன்று முயன்றார்கள். கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்தார் மட்பாண்டத் தொழிலில் புழங்கும் நெஃபலின் சையனைட் என்ற பாறைத் தூளை எடுத்தார்கள். கழிவை அதோடு உருக்கிக் கண்ணாடிக் கட்டியாக்கி, 1958லும் 1960லும் நிலத்தடி நீர் ஓடும் மண்ணிலேயே புதைத்தார்கள். பெட்டியும் இல்லை, காப்பும் இல்லை. தண்ணீர் எவ்வளவு கழிவைக் கரைத்துக்கொண்டு போகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். மிகச் சொற்பமே போனது. இந்தத் துறைக்கே அடித்தளம் போட்ட துணிச்சலான சோதனை என்று அதைச் சொல்வேன்.

தொழில் அளவில் முதலில் செய்தது பிரான்ஸ். 1978இல் மார்கூல் ஆலை ஓடத் தொடங்கியது. பிரிட்டன் அந்த முறையை வாங்கிக்கொண்டு 1991இல் செல்லாஃபீல்டில் தொடங்கியது. அமெரிக்கா கண்ணாடித் தொழிற்சாலைகளில் புழங்கிய மின்சார உருக்கு உலையைத் தழுவி 1996இல் சவானா ரிவரில் தொடங்கியது. நடுவில் இந்தியா. 1985இல் மகாராஷ்டிரக் கடற்கரையில் தாராப்பூரில் கழிவை இறுக்கும் ஆலை செயல்படத் தொடங்கியது. பிறகு மும்பை ட்ராம்பே. நம் தமிழ்க் கடற்கரையில் கல்பாக்கம். ட்ராம்பேயின் கழிவில் சல்பேட் மிகுதி. சல்பேட் சாதாரணக் கண்ணாடியில் கரையாமல் பாலாடை போல மேலே மிதக்கும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் பேரியம் சேர்த்த புதிய கண்ணாடியை வகுத்து அதைக் கரையவைத்தார்கள். வெளிநாட்டுச் சேர்மானத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தங்கள் கழிவைப் பார்த்து வகுத்த கண்ணாடி அது.

அதே மையம் செய்த இன்னொரு காரியம் எனக்கு இன்னும் பிடிக்கும். கழிவிலிருந்து சீசியம் 137ஐத் தனியே பிரித்து, கண்ணாடியாக உருக்கி, எஃகுக் குழாயில் பென்சில் போல அடைத்தார்கள். அந்தப் பென்சில்கள் இரத்த வங்கிகளில் தானமாக வந்த இரத்தத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்கப் பயன்படுகின்றன. எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிக்கு மற்றவர் இரத்தம் தீங்கு செய்யாமல் இருக்க அந்தக் கதிர்வீச்சு வேண்டும். சீசியத்தைக் கரையும் உப்புத் தூளாக வைத்திருந்தால் உறை உடைந்தால் ஊரே கெடும். கண்ணாடியாக இருப்பதால் அந்தப் பயம் வெகுவாகக் குறைகிறது.

எல்லாம் வெற்றிக் கதையாகவே போகவில்லை. 1980இல் அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு ஆய்வகத்தில் ஒரு யோசனை பிறந்தது. கழிவைத் தோண்டி எடுப்பானேன், மண்ணிலேயே மின்முனைகளைச் செருகி, மின்சாரம் பாய்ச்சி, நிலத்தையே கண்ணாடியாக உருக்கிவிட்டால் என்ன? செய்தும் காட்டினார்கள். பிரிட்டன் அணுகுண்டு வெடித்துப் பார்த்த ஆஸ்திரேலியப் பாலைவனமான மராலிங்காவில், புளூட்டோனியம் கலந்த கழிவுக் குழிகளை இப்படி உருக்கத் தொடங்கினார்கள். 1999 மார்ச்சில் ஒரு குழி உருகிக்கொண்டிருக்கும்போது வெடித்தது. உருகிய கண்ணாடி வெளியே சிதறியது, கருவிகள் சேதமாயின. அந்த முறையைக் கைவிட்டு, மீதிக் குழிகளைத் தோண்டி ஆழப் புதைத்தார்கள். புதைத்தவர்கள் என்ன புதைத்தார்கள் என்று தெரியாத குழியை உருக்கினால் இதுதான் நடக்கும்.

அணுக்கழிவுக்கு வந்த வித்தை மெல்ல மற்ற ஆலைக் கழிவுகளுக்கும் இறங்கியது. 1990இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, ஆர்சனிக் கழிவுக்கு மிகச் சிறந்த நிரூபணமான வழி கண்ணாடியாக்கமே என்று அறிவித்தது. ஜப்பானில் குப்பை எரிக்கும் ஆலைகளின் சாம்பலில் ஈயமும் காட்மியமும் இருந்தன. புதைக்க இடமில்லாத நாடு. சாம்பலை உருக்கிக் கண்ணாடிக் கசடாக்கி, சாலைக்கும் கான்கிரீட்டுக்கும் சேர்த்தார்கள். 2006இல் அந்தக் கசட்டுக்கென்றே தேசியத் தர அளவுகளும் வந்தன. உலை வாயில் வீணாக ஓடிய சிட்டக்கல், மூவாயிரம் ஆண்டு கழித்து வேண்டுமென்றே செய்யும் சரக்காகிவிட்டது.

இங்கே தமிழ்நாட்டுக்குத் திரும்பினால் ராணிப்பேட்டை நிற்கிறது. தோல் பதனிடும் தொழிலுக்குக் குரோமியம் தந்த ஓர் ஆலை 1990களில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு அப்படியே கிடந்தது. ஆண்டாண்டாக மழை பெய்து, ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மஞ்சளாகக் கரைந்து நிலத்தடி நீருக்குள் இறங்கியது. இந்தக் குரோமியத்தைக் கரி சேர்த்து உருக்கினால் மூன்று இணைதிறன் கொண்ட பச்சைக் குரோமியமாக மாறும். வோக்லான் கண்ட மரகதப் பச்சை, பச்சைச் சோடா பாட்டிலில் உள்ள பச்சை. அது கரைவதும் குறைவு, நஞ்சும் குறைவு. படிக்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் குரோமியம் கண்ணாடியில் மிகக் குறைவாகவே கரையும். அளவு மீறினால் சின்னச் சின்னப் படிகமாகப் பிரிந்து உலையின் அடியில் தங்கி வழியை அடைக்கும். அதற்கு ஏற்ப மணலைக் கூட்ட வேண்டும், கூட்டிய அத்தனையையும் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். லட்சம் டன்னுக்கு அந்த மின்சாரக் கணக்கு மலைக்கவைக்கும். கும்மிடிப்பூண்டியிலும் விருதுநகர் மாவட்டத்திலும் உள்ள அபாயக் கழிவு மையங்கள் சிமெண்டு, சுண்ணாம்பு சேர்த்து இறுக்கிப் பாதுகாப்பாகப் புதைக்கும் வழியில் போவது அந்தச் செலவால்தான்.

பாதரசம் கதையே வேறு. உலையில் வைத்ததும் ஆவியாகிப் பறந்துவிடும், கண்ணாடிக்குள் நிற்காது. கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் பாதரச மண்ணுக்கு இந்த வித்தை பயன்படாது. ஈயமும் ஆர்சனிக்கும் ஓரளவு பறக்கும். அதனால்தான் நல்ல உருக்கு ஆலையில் உலையைவிடப் புகையைக் கழுவும் கருவி பெரிதாக இருக்கும். என் அபிப்பிராயம் இது: அளவில் குறைவாகவும் நஞ்சில் செறிவாகவும் உள்ள கழிவுக்குக் கண்ணாடியைப்போல் வேறொன்று இல்லை. மலைபோல் குவிந்த கழிவுக்கு அது காலம் கடந்த மருந்து. மலை சேரும் முன்பே, ஆலை ஓடும்போதே, கழிவு சிறிதாக இருக்கும்போதே செய்திருக்க வேண்டிய காரியம்.

சரி, கண்ணாடி எத்தனை காலம் தாங்கும்? ஆய்வகத்தில் பத்து இருபது ஆண்டு அளந்து ஆயிரம் ஆண்டுக்கு உறுதி சொல்ல முடியுமா என்ற கேள்வி நியாயமானது. பதிலைக் கடல் வைத்திருந்தது. பிரான்சின் தெற்குக் கரையில் எம்பியே தீவருகே ஒரு ரோமானியக் கப்பல் மூழ்கிக் கிடந்தது. சரக்கு, கண்ணாடிக் கட்டிகள். ஏறத்தாழ 1,800 ஆண்டு உப்புத் தண்ணீரில் கிடந்தவை. பிரெஞ்சு அணுசக்தி விஞ்ஞானிகள் அவற்றை அறுத்துப் பார்த்தார்கள். தண்ணீர் ஓடிப் புதுப்பிக்கும் வெளி விரிசல்களில் அரிப்பு அதிகம். தண்ணீர் தேங்கி நிற்கும் உள் விரிசல்களில் அரிப்பு மிகக் குறைவு, அங்கே கண்ணாடியிலிருந்து கரைந்த சிலிக்காவே மேலும் கரையாமல் தடுத்திருந்தது. தங்கள் கணினிக் கணக்கைச் சரிபார்க்க அவர்களுக்கு ரோமானிய வியாபாரி ஒருவரின் நட்டம் உதவியது.

அப்படிப் பார்த்தால் வைகை முகத்தின் மேடும் ஓர் ஆய்வகம். மழை, உப்புக் காற்று, மண்ணின் ஈரம் எல்லாம் பட்டு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கிடந்த மணிகள். மஞ்சள் மணியில் ஈயம் இன்னும் மஞ்சளாக இருக்கிறது, சிவப்பில் செம்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது. நிறம் நிற்கிறது என்றால் உலோகத்தின் பெரும்பகுதியும் நிற்கிறது என்று அர்த்தம்.

இதே கரையில்தான் இன்று வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டுகள் கடலில் அறுந்து விழுகின்றன. பழைய மின்கலத்தை உடைத்து ஈயம் உருக்குகிற இடங்களில் சாம்பலும் அமிலமும் மண்ணுக்குப் போகின்றன. தெற்கே மன்னார் வளைகுடா, 21 தீவுகள், பவளம், கடல்புல், கடற்பசு. 1986இல் தேசியக் கடல் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவித்த கடல். அங்கே கரைந்த ஈயத்தை எந்த உலையும் திரும்ப அள்ளித் தராது. செத்துப்போன மின்கலத்தைப் புது மின்கலம் வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பெரும்பாலும் வாங்கிக்கொண்டு விலையில் கழித்துத் தருவார்கள். பழைய டிவியின் படக்குழாயை உடைத்துக் குப்பையில் போடாதீர்கள், அதன் பின்பக்கக் கண்ணாடியில் ஈயம் நிறைய இருக்கிறது.

அடுத்த முறை ராமேசுவரம் போகிறவர்கள் ராமநாதபுரத்தில் ஒரு மணி நேரம் இறங்குங்கள். சேதுபதிகளின் அரண்மனையில் இராமலிங்க விலாசம் இருக்கிறது. சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு, தொல்லியல் துறை அங்கே வைத்திருக்கும் அகழாய்வுப் பொருட்கள் பக்கமும் போங்கள். அழகன்குளம் பக்கம் போய், மழை பெய்த மறுநாள் மேட்டில் கடுகளவு ஒரு மணி உங்கள் கண்ணில் பட்டால், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாமல் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.